தீக்கிரையான ஊர் மீளும் விதம்

காட்டுத் தீ என்பது காட்டில் எரிவது, நகரத் தீ என்பது கடைத்தெருவில் எரிவது, இவ்விரண்டும் வெவ்வேறானவை என்றே மக்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஆனால், மரநிழலையும் குளிர்ந்த காற்றையும் விரும்பியும், காணி குறைந்த விலைக்குக் கிடைக்கிறதென்று கருதியும், கானகத்தின் ஓரத்திலே பல்லாயிரம் குடும்பங்கள் குடியேறிய நாடுகளில் அந்த எல்லைக்கோடு அழிந்துவிட்டது. காட்டிலே தொடங்கும் தீ ஊருக்குள் நுழைந்ததும் மரத்தை விட்டு வீட்டைப் பற்றுகின்றது. ஒரு வீடு எரிந்து அடுத்த வீட்டை எரிக்கின்றது. எரிந்த காடு மழைக்குப் பின்னர் பெரும்பாலும் தானே துளிர்க்கும். எரிந்த ஊரோ தானே துளிர்ப்பதில்லை. அது எவ்வாறு மீள்கின்றது, யாருக்காக மீள்கின்றது என்பனவற்றை ஓர் ஊரின் வரலாற்றைக் கொண்டே அறிந்து கொள்ளலாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, கலிபோர்ணியா மாகாணத்தின் வட பகுதியில், பரடைஸ் என்று ஓர் ஊர் உண்டு. சுவர்க்கம் என்பது அப்பெயரின் பொருள். ஆழ்ந்த பள்ளத்தாக்குகளுக்கு இடையே, ஏறத்தாழ 1,800 அடி உயரத்தில், பைன் மரங்களின் நடுவே அவ்வூர் அமைந்துள்ளது. 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 26,218 பேர். இவர்களிற் பலர் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய முதியோர். பெருநகரங்களின் வீட்டு விலையும் வாடகையும் தாங்காது, தம் சேமிப்புக்கு ஏற்ற ஊர் இதுவென்று வந்து சேர்ந்தவர்கள். செல்வர் வாழும் மலைவாசத் தலமாக அதனை எண்ணிவிடலாகாது. இதனை முதலிலேயே மனத்திற் கொள்ளுதல் நன்று. பின்னர் நிகழ்ந்தவற்றுட் பல இதனாலேயே நிகழ்ந்தன.

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆம் திகதி வியாழக்கிழமை காலை ஆறரை மணியளவில், ஊருக்குக் கிழக்கேயுள்ள மலைச்சரிவிலே, உயர் அழுத்த மின்கம்பியைத் தாங்கி நின்ற கொக்கியொன்று அறுந்தது. ஏறத்தாழ நூறாண்டு உழைத்துத் தேய்ந்துபோன கொக்கி அது. மே மாதத்தின் பின்னர் நல்ல மழையைக் காணாத புல்லும் சருகும் கீழே கிடந்தன. வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று உரத்து வீசிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் தீ ஊருக்குள் வந்துவிட்டது. வெளியேறும் வீதிகள் சில. வாகனங்களோ பல்லாயிரம். மாலைக்குள் ஊரின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தது. பரடைசிலும் அதனையடுத்த சிற்றூர்களிலும் 85 பேர் மாண்டனர். இவர்களிற் பெரும்பாலோர் முதியவர்கள். பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அவற்றுள் ஏறத்தாழப் பதினாலாயிரம் குடியிருப்பு வீடுகள். நவம்பர் 25ஆம் திகதிதான் தீ முற்றாக அடங்கியது. மின்கம்பிக்குப் பொறுப்பான பசிபிக் எரிவாயு மின்சாரக் கம்பனி, 2020ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, 84 பேரின் மரணத்துக்குத் தானே குற்றவாளியென நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

அழிந்த ஊரை நோக்கியோர் ஒரு விந்தையைக் கண்டனர். வீடு அத்திவாரம்வரை சாம்பலாகிக் கிடந்தது. அதன் முற்றத்துப் பைன் மரமோ பச்சை இலையோடு நின்றது. நெருப்புச் சுவரொன்று காட்டிலிருந்து உருண்டு வந்து எல்லாவற்றையும் விழுங்கியிருப்பின் மரமும் எஞ்சியிராது. உண்மையில் வீடுகளை எரித்தது தீச்சுவாலையன்று, தீப்பொறியே. காற்று தணற்துண்டுகளை வாரிக்கொண்டு தீ முகப்புக்கு வெகுதூரம் முன்னாலே எறிகின்றது. அவை கூரைப் பீலியிற் கிடக்கும் சருகில் விழுகின்றன. கூரைக்கடியிலுள்ள காற்றுத் துவாரங்களினூடாக உள்ளே புகுகின்றன. மரப்படியின் இடுக்கிலே தங்கிக் கனல்கின்றன. கல்லும் சுண்ணாம்பும் சீமெந்தும் கொண்டு கட்டிய வீடுகளைக் கண்டு பழகிய இலங்கை நேயர்கள், அமெரிக்க வீடு ஏன் இவ்வளவு எளிதில் எரிகின்றதென்று வியக்கலாம். அங்கே சாதாரண வீட்டின் எலும்புக்கூடு மரச்சட்டமே. சுவரும் தளமும் கூரையும் அதன்மீது அறையப்பட்டவை. அத்தகைய வீடொன்று பற்றியெரிந்தால், அதன் வெப்பமே பக்கத்து வீட்டின் சாளரத்தை வெடிக்கச் செய்யப் போதுமானது.

இனி, மீட்சியின் கதைக்கு வருவோம். வீடு எரிந்தால் வீட்டைக் கட்டுதலே முதல் வேலை என்று தோன்றும். அது முதல் வேலையன்று. கடைசி வேலைகளுள் ஒன்று என்பதே பொருந்தும். ஊர் மண்ணுக்கு அடியிலிருந்தே மேலே எழுகின்றது.

முதலிற் சாம்பல். அடுப்புச் சாம்பலைப் பயிருக்கு உரமாக இடுவதுண்டு. எரிந்த வீட்டின் சாம்பல் அத்தகையதன்று. பழைய வர்ணப் பூச்சிலிருந்த ஈயம், கூரையிலும் தரையிலும் இருந்த அஸ்பெஸ்டஸ், பூச்சிநாசினி, மின்கலங்கள், உருகிய மோட்டார் வண்டி ஆகிய யாவும் அதிற் கலந்துள்ளன. ஆகவே ஒவ்வொரு வளவையும் முறையாகத் தூய்மை செய்ய வேண்டியதாயிற்று. இறந்தோரின் எச்சங்கள் உளவோ என்று பழக்கிய நாய்களின் உதவியோடு முதலில் தேடினர். அடுத்து, நச்சுப் பொருள்களை வேறாகப் பிரித்தெடுத்தனர். அதன்பின் சாம்பலையும் வெடித்த கொங்கிறீற் அத்திவாரத்தையும் அகற்றி, மேல்மண்ணிற் சில அங்குலத்தைச் சுரண்டியெடுத்து, எஞ்சிய மண்ணை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினர். மண்ணிலே நஞ்சு இன்னும் உண்டென்று விடை வந்தால் மறுபடியும் சுரண்டல். இவ்விதம் ஏறத்தாழப் பதினோராயிரம் வளவுகளிலிருந்து முப்பத்தாறு இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட குப்பை ஏற்றிச் செல்லப்பட்டது. பாரவண்டிகள் நாடோறும் வரிசையாக மலையிறங்கின. முழுதாக ஓராண்டு கழிந்தபோதுதான் அரசாங்கத்தின் இப்பணி முடிவடைந்தது.

இந்த ஓராண்டில் மக்கள் எங்கே இருந்தனர்? சமவெளியிலுள்ள சிக்கோ என்னும் நகரத்தை நோக்கியே பெரும்பாலோர் சென்றனர். ஒரு பெரிய கடையின் வாகனத் தரிப்பிடத்திலே கூடாரமடித்து, நவம்பர் மழையிற் சேறாகிய நிலத்திலே படுத்தோரும் உண்டு. உறவினர் வீட்டு அறையில் ஒடுங்கியோரும், வேறு மாகாணங்களுக்கே போய்விட்டோரும் பலர். வண்டிவீடுகளைக் கொண்டுவந்து எரிந்த வளவிலேயே நிறுத்திக் குடியிருக்கலாமென்று நகரசபை முதலில் அனுமதி அளித்தது. சமஷ்டி அரசாங்கம் குறுக்கே வந்தது. வளவு மனிதர் குடியிருக்கத் தக்கதாயின், ஆபத்தை அகற்றுவதற்கென்று அரசாங்கப் பணத்தைச் செலவிடுவது எங்ஙனம் என்று கேட்டது. பெருந்தொகை கைநழுவிப் போகுமென்று அஞ்சிய நகரசபை, 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே அனுமதியை மீளப் பெற்றது. சொந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தோர் மீண்டும் புறப்பட நேர்ந்தது. நச்சுச் சாம்பலின் நடுவே குடியிருத்தல் தகாது என்ற நியாயத்தை மறுக்க இயலாது. ஆயினும் அந்நியாயத்தை முதலிலேயே சொல்லாது, மூட்டை முடிச்சோடு வந்தவர்களிடம் பின்னர் சொன்னது கொடுமையே.

சாம்பலினும் கடிய சிக்கல் தண்ணீரில் இருந்தது. தீயணைப்போர் ஓயாது நீரை இறைத்தமையாலும், எரிந்த வீடுகளில் உடைந்த குழாய்கள் வழியே நீர் பெருகி ஓடியமையாலும், ஊர் முழுவதும் நிலத்தடிக் குழாய்களில் அழுத்தம் விழுந்தது. அழுத்தம் விழுந்த குழாய், நீரை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக, வெளியேயுள்ளதை உள்ளே இழுக்கும். இவ்விதம் புகையும் கரியும் குழாய்களுக்குள் இழுக்கப்பட்டன. பிளாஸ்டிக் குழாய்கள் சூட்டில் உருகி, தாமே நஞ்சைக் கக்கின. சோதித்துப் பார்த்தபோது பென்சீன் என்னும் பொருள் நீரிலே காணப்பட்டது. பெற்றோலிலும் உள்ள இப்பொருள் இரத்தப் புற்றுநோயை உண்டாக்க வல்லது. நூறு கோடிப் பங்கு நீரில் ஒரு பங்கு பென்சீனுக்கு மேல் இருத்தலாகாது என்பது கலிபோர்ணியாவின் விதி. ஓராண்டுக்கு முன்னர், 2017ஆம் ஆண்டிலே, அதே மாகாணத்துச் சாந்தா றோசா நகரத்தில் தீயின் பின்னர் இதனை முதன்முதலாகக் கண்டிருந்தனர். அங்கே நகரின் ஒரு பகுதிக்கு மட்டும் நேர்ந்தது. பரடைசிலோ ஊர் முழுவதற்கும் நேர்ந்துவிட்டது.

கிருமியுள்ள நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். பென்சீன் கலந்த நீரைக் கொதிக்க வைத்தால், அது ஆவியாகி வீட்டுக்குள்ளேயே பரவும். ஆகவே, நீரைக் கொதிக்க வைக்கவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாமென்று நீர்ச்சபை அறிவித்தது. தீக்குத் தப்பி நின்ற வீடுகளின் சொந்தக்காரர் நிலை இதனால் விசித்திரமாயிற்று. வீடு உண்டு, வாயிற்படி உண்டு, சமையலறையில் குழாயும் உண்டு. ஆனால் அதிலிருந்து ஒரு குவளை நீர் பருக இயலாது. போத்தலில் அடைத்த நீரைச் சுமந்து வந்தே மாதக்கணக்காக வாழ்ந்தனர். நிலத்தடியிலுள்ள நூறு மைலுக்கு மேற்பட்ட குழாய்களைப் பகுதி பகுதியாக மறித்து, நீரைப் பாய்ச்சிக் கழுவி, மாதிரி எடுத்துச் சோதித்து, வீடுகளுக்குச் செல்லும் கிளைக்குழாய்களைத் தோண்டி மாற்றி, படிப்படியாகவே அத்தடையை நீக்கினர். கழுவுதற்கும் சோதித்தற்கும் பணம் வேண்டும். நீர்ச்சபைக்குப் பணம் நுகர்வோரின் கட்டணத்திலிருந்தே வரும். நுகர்வோரோ ஊரில் இல்லை. அரசாங்க உதவி வந்திராவிடின் அச்சபை எரியாமலே இறந்திருக்கும்.

நிலத்தடியில் இன்னொன்றும் இருந்தது. பரடைஸ் ஊருக்குப் பொதுவான கழிவுக் கால்வாய் இல்லை. யாழ்ப்பாணத்து வளவுகளிற்போல, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி மலக்குழியே. குழியின் கொள்ளளவு எத்தனையோ, அத்தனை அறைகளே வீட்டுக்கு அமையலாம். கடைகளோ மாடித் தொகுதிகளோ பெருகுவதற்கு இடமில்லை. ஒரு கோடைகால உணவுச்சாலை திறப்பதற்கும் மலக்குழிக் கணக்கைப் பார்க்க வேண்டும்! ஊரை முன்னையினும் செம்மையாக அமைக்க வேண்டுமென்ற நல்ல திட்டங்கள் பல, இந்தக் குழியண்டை வந்து தயங்கி நின்றன.

நிலமும் நீரும் சீரான பின்னரே பணத்தின் பேச்சு பொருளுடையதாகும். வீட்டுக்குக் காப்புறுதி செய்திருந்தோர் நட்டஈடு பெற்றனர். ஆனால், பல ஆண்டுகளுக்கு முன்னர் குறித்த தொகை, ஒரே வேளையிற் பல்லாயிரம் பேர் மரத்தையும் தச்சரையும் தேடும்போது போதுமானதாக இராது. கடனைத் தீர்த்துவிட்ட முதியோர் சிலர், இனிக் காப்புறுதி எதற்கென்று அதனை நிறுத்தியிருந்தனர். காப்புறுதிக் கம்பனியொன்று இத்தீயின் இழப்பைத் தாங்கமாட்டாது தானே முறிந்துபோயிற்று. மின்சாரக் கம்பனி, இத்தீயினாலும் வேறு சில தீக்களாலும் பாதிக்கப்பட்டோருக்கென 1,350 கோடி டொலர் பெறுமதியான நிதியமொன்றை அமைக்க உடன்பட்டது. அதிற் பாதி காசு. மற்றப் பாதி அதே கம்பனியின் பங்குகள். தம் வீட்டை எரித்த கம்பனியின் பங்குவிலை ஏறவேண்டுமென்று வீடிழந்தோரே வேண்டிக்கொள்ள வேண்டிய நிலை இதனால் உண்டாயிற்று. பங்குகள் எதிர்பார்த்த விலைக்குப் போகவில்லை. பணம் ஆண்டுக் கணக்காகத் தவணை தவணையாகவே வந்தது. எவருக்கும் முழுத் தொகை கிட்டவில்லை. எழுபது வயதினர் ஒருவருக்கு ஐந்தாண்டு என்பது எத்துணை நீண்ட தவணை என்பதைச் சட்ட ஏடுகள் கணக்கிடுவதில்லை.

எனவே, திரும்பி வந்தவர் யார் என்ற வினா எழுகின்றது. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே அவ்வூரின் தொகை 4,764. அதன்பின் ஆண்டுதோறும் வீடுகள் எழுந்தன. கலிபோர்ணியாவில் மிக வேகமாகக் குடித்தொகை பெருகும் ஊர் என்ற பெயரையும் பரடைஸ் பெற்றது. 2024ஆம் ஆண்டளவில் மக்கள் தொகை பத்தாயிரத்தை அண்மித்தது. ஊர் மீண்டது என்று இதனைச் சொல்லலாம். ஆனால் ஊர் மீள்வதும் ஊரவர் மீள்வதும் ஒன்றல்ல. காணி உறுதி கையிலுள்ளவனுக்கு எரிந்த வளவாயினும் மிஞ்சுகிறது. காப்புறுதியும் நட்டஈடும் அவன் பெயருக்கே வருகின்றன. வாடகைக்குக் குடியிருந்தவனுக்கோ வண்டிவீட்டுத் தோட்டத்திலே சிறு இடம் பிடித்து வாழ்ந்தவனுக்கோ திரும்புவதற்கு ஓர் இடமில்லை. புதிய வீடு புதிய விதிப்படி எழுகின்றது. ஆகவே புதிய விலை, புதிய வாடகை. முன்னர் மலிவென்று வந்தவர்களுக்கு இப்போது அவ்வூர் மலிவானதன்று.

இக்குறை பரடைசுக்கு மட்டும் உரியதன்று. பசிபிக் சமுத்திரத்து ஹவாய்த் தீவுகளிலே, லகைனா என்னும் பழைய துறைமுகப் பட்டினம் 2023ஆம் ஆண்டு ஓகஸ்து 8ஆம் திகதி எரிந்தது. கைவிடப்பட்ட கரும்புத் தோட்டங்களில் வளர்ந்து காய்ந்த புல்லிலே தீ ஓடியது. 102 பேர் மாண்டனர். இரண்டாயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. சாம்பல் ஆறுமுன்பே காணி வாங்குவதற்குத் தரகர் வருவர் என்ற அச்சம் அங்கே எழுந்தது. லகைனா விற்பனைக்கன்று என்று எழுதிய பலகைகளை மக்கள் தாங்கினர். வளவை விற்க நேரும் குடும்பங்களிடமிருந்து பொதுவில் வாங்கி, உள்ளூரவர் கையிலேயே அதனை நிலைக்கச் செய்வதற்கென, லகைனா சமூகக் காணி நிதியம் என்றோர் அமைப்பையும் அவர்களே நிறுவினர். பட்டினத்தின் நடுவே ஓர் ஆலமரம் உண்டு. இந்தியாவிலிருந்து சென்ற கன்று. 1873ஆம் ஆண்டிலே நாட்டப்பட்டது. தீயிலே கருகிய அம்மரம் சில வாரங்களில் துளிர்விட்டபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதன் படத்தை வெளியிட்டன. மரத்தின் துளிரைப் படமெடுத்தல் எளிது. வாடகை வீடு தேடி அலையும் குடும்பத்தைப் படமெடுப்பார் குறைவு.

பரடைசின் புது வீடுகள் எவ்வாறு அமைந்தன என்பதையும் கூறவேண்டும். காட்டோர வீடுகளுக்கான கட்டட விதிகளைக் கலிபோர்ணியா 2008ஆம் ஆண்டிலே கடுமையாக்கியிருந்தது. தீயின் பின்னர் கணக்கெடுத்தபோது, அவ்விதிப்படி கட்டிய வீடுகளுள் ஏறத்தாழப் பாதி சேதமின்றி நின்றன. முற்பட்ட வீடுகளுள் ஐந்திலொன்றேனும் அவ்வாறு தப்பவில்லை. ஆகவே புதிய வீட்டுக்கு எரியாத கூரை, தீப்பொறி புகாத நுண்வலையிட்ட காற்றுத் துவாரம், இரட்டைக் கண்ணாடிச் சாளரம் ஆகியன விதியாயின. சுவரையொட்டி ஐந்தடி அகலத்துக்குச் செடியோ விறகோ மரவேலியோ இன்றிச் சரளைக்கல் பரப்புதலும் ஒழுங்காயிற்று. சுவரோரம் பூச்செடி வைத்து அழகு பார்த்த மக்களுக்கு இது கசப்பாகவே இருந்தது. மின்கம்பிகளை நிலத்தடியிற் புதைத்தனர். அபாய ஒலியெழுப்பும் ஊதுகுழற் கோபுரங்களை ஊரெங்கும் நிறுத்தினர். ஊரைச் சுற்றியுள்ள ஆபத்தான நிலங்களை வாங்கி, புதர் நீக்கி, பூங்காவாகவே வைத்திருக்கும் முயற்சியிலே பூங்காச் சபை இறங்கியது. வீடு கட்டத் தகாத இடமென்று ஓரிடத்தைச் சொல்வது எந்த நகரசபைக்கும் எளிதன்று. அதனை விலைக்கு வாங்கிவிடுதல் சொல்லாமற் சொல்லும் வழியெனலாம்.

கற்சுவரும் குழாயும் மட்டும் ஓர் ஊரை ஊராக்கிவிடுமோ? பரடைஸ் உயர்தரப் பாடசாலையின் கட்டடம் தீக்குத் தப்பியது. ஆனால் சூழவிருந்த ஊர் இல்லாமையால் அங்கே வகுப்பு நடத்த இயலவில்லை. மாணவர் சிக்கோவின் கடைத்தொகுதியிலும், பின்னர் விமான நிலையத்தையடுத்த ஒரு கட்டடத்திலும் கற்றனர். அவர்களிற் பலர் உறவினர் வீடுகளிலிருந்தும் தொலைவூர்களிலிருந்தும் நாடோறும் நெடுவழி வந்தவர்கள். அண்மையிலுள்ள வேறு பாடசாலையிற் சேர்ந்திருக்கலாம். பலர் சேரவில்லை. 2019ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, இறுதி வகுப்பினர்க்குச் சான்றிதழ் வழங்கும் விழாவைத் தம் பழைய விளையாட்டு மைதானத்திலேயே நடத்த வேண்டுமென்று விரும்பி, எரிந்த ஊருக்கே சென்று நடத்தினர். ஓகஸ்தில் வகுப்புகளும் பழைய இடத்துக்கே திரும்பின. பாடசாலை திறக்கின்றது என்ற செய்தி, பிள்ளைகளையுடைய குடும்பங்களுக்கு எந்த உதவித் திட்டத்தினும் உறுதியான அழைப்பாயிற்று. 1859ஆம் ஆண்டில் அப்பகுதியிலே அகப்பட்ட 54 இறாத்தல் தங்கக் கட்டியின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் வசந்த விழாவையும் அவ்வாண்டு விட்டுவிடவில்லை. வீடில்லாத ஊருக்கு விழா எதற்கென்று கேட்டோரும் இருந்திருப்பர். வீடில்லாதவர்கள் ஒருவரையொருவர் காண்பதற்கு வேறு எந்த இடம் இருந்தது?

அதே மலையில், அதே காற்று வீசும் வழியில், மீண்டும் ஊர் அமைத்தல் தகுமோ என்று அறிஞர் பலர் வினவியுள்ளனர். நியாயமான வினாவே. ஆயினும் வேறெங்கே போவது என்ற எதிர்வினாவுக்கு விடை கூறிய பின்னரே அதனைக் கேட்பது முறையாகும். கலிபோர்ணியாவில் எளியோர் வீடு வாங்கக்கூடிய இடங்கள் பெரும்பாலும் இத்தகைய காட்டோரங்களே.

2024ஆம் ஆண்டு யூலை மாதம் 24ஆம் திகதி, சிக்கோ நகரத்துப் பூங்காவொன்றிலே தொடங்கிய தீ, மலையடிவாரங்களிற் பரவி, நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட ஏக்கரை எரித்தது. பரடைஸ் மக்களுக்கும் வெளியேற ஆயத்தமாக இருக்கும்படி எச்சரிக்கை வந்தது. சுவர்களில் இன்னும் புதுப்பூச்சு மணக்கும் வீடுகளிலிருந்து, காணி உறுதியையும் படங்களையும் மருந்தையும் எடுத்து வண்டிகளில் ஏற்றிவைத்தனர். தீ வடதிசை நோக்கிச் சென்றது. சில நாள்களில் எச்சரிக்கையும் நீங்கியது. ஏற்றிய பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, பீலியிற் சேர்ந்த பைன் சருகை அள்ளும் வேலையை அவர்கள் தொடர்ந்தனர்.